மண்வெட்டியைத் தொடாத ஞாயிறு

என் கணவர் சுபாஸ்கரனைப் பற்றி ஒரு சங்கதி சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும். எங்களுடைய கலியாணத்து நாலாம் சடங்கன்று விருந்தாளிகள் பந்தியில் இருக்க, மாப்பிள்ளையைக் காணவில்லை. தேடிப் போனால், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். "மோட்டர் சும்மா நிக்குதெண்டு வந்தனான்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மனிதருக்கு லீவு என்ற சொல்லே ஆகாது. கோயில் திருவிழா என்றாலும் சாமி வீதி சுற்றி முடியுமுன் ஆள் சண்டிலிப்பாய்த் தோட்டத்தில் நிற்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் மகள் ஆரணி, கொடிகாமத்துப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற பண்ணையைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டாள். அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"அங்கை அப்பிடி என்ன கிடக்கு?" என்றார்.

"மாடு, ஆடு, மாட்டுவண்டிலிலை ஏறலாம். வெங்காயம் எங்கடை கையாலையே பிடுங்கலாமாம், அப்பா."

"காசு குடுத்தோ?"

"ஓம்."

"எங்கடை தோட்டத்திலை பிடுங்கன், பிள்ளை. நான் காசு கேக்கமாட்டன்."

பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "உங்களாலை ஒரு நாள் சும்மா இருக்க ஏலாது. அதைச் சொல்லுங்கோவன்" என்றேன்.

"எனக்கு ஏலும். உமக்குத்தான் ஏலாது."

அப்படித்தான் பந்தயம் பிடித்தோம். பண்ணையில் யார் முதலில் வேலையில் கை வைக்கிறாரோ அவருக்குத் தோல்வி. அவர் தோற்றால் மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துக்கு லீவு, குடும்பமாக எங்கேயாவது போக வேண்டும். நான் தோற்றால் லீவு என்ற பேச்சையே இனி எடுக்கக் கூடாது. ஆரணிதான் நடுவர். "அப்பா மண்வெட்டியைத் தொடக் கூடாது, அம்மா ஆட்டுக் கயித்தைத் தொடக் கூடாது" என்று அவளே சட்டமும் போட்டாள். எங்கள் வீட்டில் ஆடு என்னுடைய இலாகா. அவருக்கு ஆட்டைக் கண்ணில் காட்டக் கூடாது, நாலடி தள்ளித்தான் நடப்பார்.

அவர்களுக்கு அது பகிடி. எனக்கு அந்த ஞாயிறு உண்மையாகவே வேண்டியிருந்தது. பிள்ளை மளமளவென்று வளர்கிறாள். தகப்பனும் மகளும் பகல் வெளிச்சத்தில் ஆறுதலாக இருந்து கதைத்து நான் கண்டதில்லை.

ஞாயிறு விடியுமுன்பே அவர் எழும்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டார். "கத்தரிக்குப் பின்னேரம் வந்து பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே நீளக் காற்சட்டையும் காலில் சப்பாத்தும் மாட்டினார். அந்தச் சப்பாத்து கலியாண வீடுகளுக்கு மட்டும் வெளியே வருவது. மோட்டார் சைக்கிளில் நடுவில் ஆரணி, பின்னால் நான், மடியில் சாப்பாட்டுப் பை.

பண்ணை வாசலில் சோமசேகரம் என்று ஒருவர், பெரிய தொப்பி போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார். என் கணவரின் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா கமம், தோட்டம் செய்யிறதை முன்னம் பின்னம் பாத்திருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கிறன்" என்றார் இவர். ஆரணி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரித்தாள்.

வெங்காயப் பாத்தியடியில்தான் முதல் சோதனை வந்தது. சனங்கள் ஆளுக்கொரு பிடி பிடுங்கிக் கையில் வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று வைத்ததுபோலப் பக்கத்திலேயே ஒரு மண்வெட்டியும் கிடந்தது. அவர் வாய்க்காலைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணி எல்லாம் வீணாப் போகுதப்பா" என்று நானும் எண்ணெய் ஊற்றினேன்.

"போகட்டும். நான் இண்டைக்கு விருந்தாளி."

இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் ஆழப் புதைத்துக்கொண்டார். நெற்றி வேர்த்து ஒழுகியது. கடைசியில் அந்தப் பக்கமே பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டார். இவ்வளவு மனத்திடம் இவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பால் கறக்க யார் வருகிறீர்கள் என்று சோமசேகரம் கேட்டபோதும் ஆள் அசையவில்லை. பந்தயம் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

ஆனாலும் சந்தோசமாகத்தான் இருந்தது. மாட்டுவண்டியில் தகப்பனும் மகளும் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தான் வாங்கிய அடிகளை எல்லாம் அவர் அவளுக்கு நடித்துக் காட்டினார். எனக்கே தெரியாத கதைகள். சாப்பிட்ட பிறகு மாமரத்தின் கீழே பாயில் படுத்துக் குறட்டை விட்டார். பட்டப்பகலில் அவர் நித்திரை கொள்வதை அன்றுதான் கண்டேன். எழுப்ப மனம் வராமல் பக்கத்திலேயே இருந்தேன்.

அவர் எழும்பித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம், யாரோ ஆட்டுப்பட்டியின் படலையைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். கொழுத்த மறியாடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு நேரே மிளகாய் நாற்று மேடைக்கு ஓடியது. சோமசேகரம் தூரத்தில் வண்டியோடு நின்றார். நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக ஓடியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏய், சனியனே!" என்று கத்தியபடி குனிந்து கையை நீட்டினேன். கயிற்றுக்கும் என் கைக்கும் ஒரு சாண் இடைவெளி.

அந்த ஒரு சாணுக்குள் அவருடைய கை வந்து விழுந்தது.

"விடும், நான் பிடிக்கிறன்" என்றார் மெதுவாக.

அவர் கயிற்றைப் பிடித்தார், ஆடு அவரைப் பிடித்தது. சேற்றில் வழுக்கி முழங்காலில் விழுந்து, ஒரு சப்பாத்து கழன்று, நாற்று மேடையை ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் ஆடு நின்றது. சனமெல்லாம் கை தட்டியது.

"அப்பா தோத்திட்டார்! அம்மா வெண்டிட்டா!" என்று ஆரணி துள்ளிக் குதித்தாள்.

நானும் குதித்திருக்க வேண்டும். ஆனால் சேறு அப்பிய முகத்தோடு அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தோற்ற களையே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்பும் வழியில் மானிப்பாய் தாண்டி வரும்போது பின்னாலிருந்து கேட்டேன். "வாய்க்கால் உடைஞ்சு ஓடேக்கை கை வைக்காத ஆள், ஆட்டுக்கு ஏனப்பா பாய்ஞ்சனீங்கள்?"

"மிளகாய் நாத்து பாவமெல்லே."

"உங்களுக்கு ஆட்டைக் கண்டாலே ஆகாது."

"காத்திலை ஒண்டும் விளங்கேல்லை" என்றார். எல்லாம் விளங்கியிருந்தது.

எங்கள் தோட்டத்துப் படலை வந்தது. எத்தனை மணிக்கு வந்தாலும் அந்த இடத்தில் அந்த மோட்டார் சைக்கிள் நிற்கும், பழகிப்போன சாமான். அன்று அது வேகம் குறையாமல் நேரே வீட்டுப் பக்கம் போனது.

"கத்தரி?" என்றேன்.

"நாளைக்குப் பாப்பம்."

தோட்டத்து வேலைக்கு நாளை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆரணிக்கு மேலால் கையை நீட்டி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். கத்தரி இலையெல்லாம் வாடித் தொங்கிக்கொண்டு நின்றது. 'நிப்பாட்டுங்கோ' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினேன்.