மூன்றாவது படி

கோரா மாடிப்படியின் மூன்றாவது படியில், துணிக்கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உலர்த்தி எடுத்த துண்டுகள் வியாழன் மாலைவரை மடிக்கப்படாமல் கூடையிலேயே கிடந்தன. மடிக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஞாயிறன்று தொலைக்காட்சியில் பேஸ்பால் ஆட்டம், அவர்கள் அணி நான்கு ஓட்டம் பின்தங்கியிருந்தது. நாற்காலி எதுவும் காலியில்லை என்பதால் அவள் கூடையோடு படியில் உட்கார்ந்தாள். அடுத்த இன்னிங்ஸிலேயே ஆறு ஓட்டங்கள் வந்தன, அணி வென்றது. திங்களன்று தேர்தல் வேலை இருந்ததால் அவள் ஆட்ட நேரத்துக்கு வீட்டுக்கு வரவில்லை, அணி தோற்றது. புதனன்று வந்து உட்கார்ந்தாள், வென்றது. பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில், இறுதிச் சுற்றுகள் நடக்கும் அக்டோபர் மாதத்தில் இதையெல்லாம் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. லென்னி சித்தப்பா ஞாயிறிலிருந்து ஒரே காலுறையைப் போட்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் சவரம் செய்வதை நிறுத்தியிருந்தார். ஐந்து ஆட்டத் தொடரில் இன்று வென்றால் அடுத்த சுற்று. அப்பா ரேமண்ட் கிடங்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மதியத்திலிருந்தே தொலைக்காட்சி முன்னால் இருந்தார்.

கோராவுக்கு அந்த வாரம் வேறு மாதிரி இருந்தது. காலையில் வகுப்புகள், மதியத்துக்கு மேல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடும் ஆசிரியை ஓடெலுக்காக வீடு வீடாகக் கதவு தட்டுதல். தேர்தலுக்கு மூன்று வாரமே இருந்தது. இன்று மாலை ஏழரைக்குக் கல்லூரி அரங்கில் இரண்டு வேட்பாளர்களும் மேடையேறுகிறார்கள். ஓடெலை அறிமுகப்படுத்திப் பேசப்போவது கோரா. வாழ்க்கையில் முதல் மேடை. எழுதி வைத்திருந்ததை மனப்பாடம் செய்திருந்தாள். யாருக்காகப் பேசப்போகிறாள் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு முன்னால் புல்வெளியில், ஓடெலை எதிர்த்து நிற்கும் இப்போதைய உறுப்பினர் ஹார்கினின் தேர்தல் பலகை நட்டிருந்தது. அப்பா வேலை பார்த்த இரும்பு ஆலை மூடியபோது வாயிற்கதவருகே வந்து தொழிலாளர்களோடு மழையில் நின்ற அரசியல்வாதி ஹார்கின் ஒருவர்தான்.

ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸ். மூன்றுக்கு மூன்று, சமநிலை. மணி ஆறரை தாண்டியிருந்தது. கைப்பேசி அதிர்ந்தது. வகுப்புத் தோழி இமானி: “வெளிய கார்ல இருக்கேன். வர்றியா, இல்ல நானும் உள்ள வந்து படியில உக்காரணுமாடி?”

“அப்பா, நான் கிளம்பணும்.”

“இப்பவா? ஏழாவது இன்னிங்ஸும்மா.”

“காலேஜ்ல கூட்டம். நான் பேசணும்.”

லென்னி பியர் போத்தலைக் கீழே வைத்தார். “உன் கோட்டைப் படியில விட்டுட்டுப் போ. மேல கூடையை வச்சிருவோம்.”

“கோட்டு உக்காந்தா பந்து பறக்குமாடா?”

“என் காலுறைக்குப் பறக்குது, கோட்டுக்குப் பறக்காதா?”

“உன் காலுறை நாத்தத்துக்கு எதிர் டீம் மயங்கி விழுது. அது வேற.” அப்பா சிரித்தார். கோரா அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலை மூடியபின் அந்த வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க அவர் ஏறக்குறைய பேசவே இல்லை. நேற்று, ஆட்டம் முடிந்ததும், படியருகே வந்து அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். சின்ன வயதுக்குப் பிறகு அதுதான் முதல் முறை.

“யார் கூட்டம்?” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஓடெல்.”

லென்னி சாசேஜ் தட்டைக் குனிந்து ஆராய ஆரம்பித்தார்.

“தெரியும்,” என்றார் அப்பா. “போன வாரம் பார்க்கர் தெருவுல ஒவ்வொரு வீடா ஏறிட்டிருந்தியே. கார்ல பின்னாடியே வந்தேன். திரும்பிப் போயிட்டேன்.”

“அவரு அன்னிக்கு மழையில நின்னாருன்னு எனக்கும் தெரியும்பா. காலேஜ் பஸ்ஸை நிறுத்த ஓட்டுப் போட்டதும் அவருதான். ரெண்டு வருஷமா நீங்கதான் விடியக்காலையில என்னைக் கொண்டுபோய் விடுறீங்க.”

“நான் குறை சொன்னேனா?”

“சொல்லல.”

“அப்புறம் என்ன?”

திரையில் எதிரணி பந்துவீச்சாளரை மாற்றிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார்.

“போறதுன்னா போம்மா. தோத்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

சொல்ல மாட்டார் என்பது கோராவுக்குத் தெரியும். கத்தியிருந்தால் அவளும் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கலாம். அவர் பேசாமல் இருந்தால், சாத்திக்கொண்டு போக இந்த வீட்டில் எந்தக் கதவும் இல்லை. ஒரு படியில் தான் உட்கார்வதற்கும் வேறு நகரத்தில் ஒருவன் மட்டையைச் சுழற்றுவதற்கும் சம்பந்தமில்லை என்று அவளால் யாருக்கும் விளக்கிவிட முடியும். கதவு தட்டிய வீடுகளில் இதைவிடக் கடினமானவற்றை விளக்கியிருக்கிறாள். ஆனால் இப்போது அவள் இடுப்பு படியை விட்டு எழவில்லை. மனப்பாடம் செய்த முதல் வரியை நினைத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

வெளியே கார் ஹாரன் ஒரு முறை, சுருக்கமாக ஒலித்தது.

கூடையைப் பக்கத்தில் வைத்தாள். கூடை இருந்த மடி குளிர்ந்தது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து மூன்றாவது படியிலேயே எழுந்து நின்று, வலது காலைக் கீழ்ப்படியில் ஊன்றினாள். இடது கால் இன்னும் மேலே, மூன்றாவது படியில் இருந்தது.

அப்போதுதான் மட்டையில் பந்து பட்ட சத்தம். லென்னி “போ, போ, போ!” என்று அலறிக்கொண்டே எழுந்தார், தட்டு கவிழ்ந்தது. திரையில் பந்து மைதான விளக்குகளுக்கும் மேலே ஏறி, எங்கே விழும் என்று தெரியாத உயரத்தில் இருந்தது. அந்த அறையில் அப்பா மட்டும் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, கோராவின் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.