ஓலைச்சுவடிப் பேப்பர்

"அக்கா, நீங்க ஓலைச்சுவடி பேப்பர் எடுத்துக்கோங்க. உங்களுக்கு அதான் ஈஸி" என்று தீபலட்சுமி சொன்னபோது, சந்திரிகா டிபன் பாக்ஸ் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. ஈஸியாமே! இத்தனை நாள் இல்லாத அக்கறை இன்றைக்கு எங்கிருந்து முளைத்தது?

முடிச்சூரைத் தாண்டி இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லைப்ரரியில் இருவரும் உதவியாளர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாம்பரத்தில் ரயில் பிடித்துப் போய் எம்.லிப் என்கிற லைப்ரரி மேற்படிப்புப் படிக்கிறார்கள். இரண்டாம் வருஷத்துக்கு ஒரு பேப்பரை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று ஆட்டோமேஷன், லைப்ரரி மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வித்தை. இன்னொன்று சுவடிப் பாதுகாப்பு, செல்லரித்த ஓலைக்கு எண்ணெய் தடவி உயிர் கொடுக்கிற வித்தை. வேறு சமயமாக இருந்தால் இதற்கெல்லாம் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் லைப்ரரியன் தோத்தாத்ரி சார் வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறார். அவர் நாற்காலி இவர்களில் ஒருத்திக்குத்தான்.

"ஆட்டோமேஷன் படிச்சவாளுக்குத்தான் முதல் சான்ஸ்னு மேனேஜ்மென்ட் சொல்லிடுத்து. ரெண்டு பேருமே படிக்கலேன்னா சீனியாரிட்டி. ரெண்டு பேருமே படிச்சா மார்க்" என்று இருவரையும் நிற்கவைத்தே சொல்லிவிட்டார் அவர். சீனியர் சந்திரிகாதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அலமாரித் தூசியைத் தின்கிறவள். தீபா நேற்று வந்தவள். ஆனால் கீபோர்டில் அவள் விரல் போகிற வேகம் இருக்கிறதே, பார்த்தால் வயிறு எரியும்.

"நீ எதை எடுக்கப்போறே?" என்று சந்திரிகா போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா." தீபா தண்ணீர் பாட்டிலைத் தேடினாள். பாட்டில் அவள் கைக்கு எதிரிலேயே இருந்தது.

அதற்கப்புறம் சந்திரிகாவுக்கு எல்லாமே கண்ணை உறுத்தியது. கிட்டே போனால் தீபாவின் கம்ப்யூட்டரில் பக்கம் மாறிவிடும். போன் வந்தால் எழுந்து வெளியே போய், வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று கிசுகிசுவென்று பேசுவாள். "சேலை சூப்பரா இருக்குக்கா" என்று சொன்ன அன்றைக்குச் சந்திரிகா பாத்ரூமுக்குப் போய்ச் சேலை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாள். அந்த அளவுக்கு முற்றிவிட்டது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். சக்திவேல் தன் அப்பா உழுத நிலத்தை மனை போட்டு விற்றவன். இப்போது அடுத்தவர் மனையையும் விற்றுக்கொடுக்கிறான். தோத்தாத்ரி சாருக்கே அவன்தான் மனை முடித்துத் தந்தான். யாரையும் நம்பாமலிருப்பதுதான் அவனுக்குத் தொழில் முதலீடு.

"இன்னாத்துக்கு அவ வந்து உன்னாண்ட சொல்றா? கார்னர் மனையப் போயி எவனாச்சும் 'நீ எட்த்துக்கோ'ன்னு வுட்டுக்குடுப்பானா? உன்ன ஓரங்கட்டிட்டு அவ கம்ப்யூட்டர எட்த்துக்கப் பாக்குறா. நான் வேணா தோத்தாத்ரி சாராண்ட ஒரு வார்த்த போட்டு வெக்கட்டா?"

"நீங்க ஒண்ணும் போட வேணாம், சும்மா இருங்க" என்றாள். அன்றைக்குச் சாயந்தரமே தாம்பரத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆட்டோமேஷன் என்று பதிந்துவிட்டு வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் தீபாவிடம், "நீ சொன்னதையே எடுத்துட்டேன்டி" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

தீபாவுக்கு முகமெல்லாம் பல். "நெஜமாவாக்கா?" என்று கட்டியே பிடித்துக்கொண்டாள். நடிப்பைப் பார், நடிப்பை! சந்திரிகா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், தீபா போனைப் பார்த்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள். சாப்பாட்டைத் திறக்கவில்லை.

"சுவடி பேப்பர் நடக்காதாம்க்கா. நான் ஒருத்திதான் எடுத்திருக்கேனாம். ரெண்டு பேராவது இருந்தா நடத்தறேன்னு பாடம் எடுக்கற மேடம் சொல்லியிருந்தாங்க. இப்ப என்னையும் ஆட்டோமேஷன்ல போட்டுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த லிஸ்ட்ல உங்க பேர் பார்த்தேன்."

சந்திரிகா கையிலெடுத்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள். "நீ... நீ சுவடி எடுத்தியா? எதுக்கு?"

"காஞ்சிபுரத்துல ஒரு மடத்துச் சுவடி லைப்ரரியில ஆள் கேக்கறாங்க. அந்தப் பேப்பர் படிச்சிருந்தா எடுத்துக்கறேன்னு சொன்னாங்க. அவங்ககூடத்தான் போன்ல பேசிட்டு இருந்தேன். நானும் போயிடுவேன், நீங்க ஆட்டோமேஷன் படிக்கலன்னாலும் சீனியர்னு சாரோட சீட்டு உங்களுக்குத்தான் வரும்னு நெனச்சேன்."

"அடிப்பாவி, இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"உங்க வீட்டுக்காரரும் சாரும் பழக்கம். நான் போகப்போறேன்னு சார் காதுக்குப் போச்சுன்னா, இப்பவே வேற ஆளப் போட்டுட்டா? பயமா இருந்துச்சுக்கா." தீபா டிபன் பாக்ஸை அப்படியே பைக்குள் வைத்தாள். "இனிமே ரெண்டு பேருக்கும் மார்க்தான்."

அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலையே என்று சந்திரிகாவுக்கு இருந்தது. கையிலிருந்த நாற்காலியைத் தானே தூக்கி நடுவில் போட்டாயிற்று. அன்று முழுக்க அவள் வெட்கத்தில் புத்தகங்களைத் தப்புத் தப்பாக அடுக்கினாள். வீட்டில் சக்திவேல் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "எல்லாம் உங்களாலதான்" என்று எரிந்து விழுந்தாள். அவனால் மட்டுமா என்று அவளுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றே போனார்கள். "சாரி" என்ற வார்த்தை பல்லாவரம் வரைக்கும் சந்திரிகாவின் நாக்கு நுனியில் இருந்தது. அதற்கப்புறம் கூட்டம் ஏறிவிட்டது.

கம்ப்யூட்டர் வகுப்பில் பக்கத்து மேஜைதான் தீபாவுக்கு. எல்லோரும் ஒரு புத்தகத்தின் விவரத்தை ஏற்ற வேண்டும், அதற்கு மார்க் உண்டு. தீபா முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சந்திரிகாவின் திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நின்றது. எதைத் தொட்டாலும் அது போகவில்லை.

தீபா எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"பழசை அழிக்கணும்க்கா. அந்த மூணாவது பட்டன். அதை அமுக்குங்க, சரியாயிடும்."

சந்திரிகா அம்புக்குறியை அந்தப் பட்டன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். திரும்பி தீபாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி பட்டனைப் பார்த்தாள்.

"அமுக்குங்கக்கா" என்றாள் தீபா.

மவுஸின்மேல் சந்திரிகாவின் விரல் தூக்கியபடியே நின்றது.