துவைக்கக் கூடாத சட்டை

லாண்டரிக்காரருக்குக் கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. விருந்துக்குப் போனாலும் மனிதர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார், காலரைப் பார்த்துத்தான் பேசுவார். "இதை எங்க துவைக்கக் கொடுத்தீங்க?" என்று எதிராளியை நெளிய வைத்துவிட்டு அப்புறம்தான் சௌக்கியம் விசாரிப்பார். காலமெல்லாம் வெளுக்கும் தூளோடு குடித்தனம் நடத்தியதில் அவருடைய மூக்கு செத்தே போயிருந்தது. அடுப்பில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் அவருக்குக் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் துவைக்காத சட்டை ஒன்று கிடந்தது. அவருடைய ஒரே மகனின் நீலக் கட்டம் போட்ட சட்டை. போன மழைக்காலத்தில் அதைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பியவன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் வளர்த்த நாய் துரை, நாற்காலியிலிருந்து அந்தச் சட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் படுத்தது. அன்றிலிருந்து அதுதான் அதன் படுக்கை. "அதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்று லாண்டரிக்காரரின் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். முடியும் அழுக்கும் ஏறிக் கறுத்த சட்டையைத் தாண்டும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொள்வார். ஒருநாள் மதியம் கடையிலிருந்து சீக்கிரமே வந்தவர், அவள் துரைக்குப் பக்கத்தில் தரையில் படுத்துச் சட்டையில் முகம் புதைத்திருப்பதைப் பார்த்தார். அழுகிறாள், அழட்டும் என்று சத்தம் காட்டாமல் திரும்பிப் போய்விட்டார்.

துரை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தது. நாய் டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லை, துணை இல்லாம வாடுது. கூட ஒரு நாய் இருந்தா தேறிடும்" என்றார். மச்சினன் வீட்டு நாய் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றை வாங்கி வரலாமா என்று லாண்டரிக்காரர் மனைவியிடம் கேட்டார்.

"இன்னொண்ணா?" மனைவி சீறினாள். "ஒருத்தன் போனா அந்த இடத்துல வேற ஒண்ணைக் கொண்டுவந்து வெச்சுடலாமா? நாளைக்கு எனக்கும் ஒரு பிள்ளையை வாங்கிட்டு வருவீங்களா?"

உண்மையில் துரையைச் சாக்கு வைத்து லாண்டரிக்காரர் தனக்காகத்தான் கேட்டார். மகன் போனதிலிருந்து அந்த வீட்டில் மின்விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்கிறது. ஏதாவது ஒன்று குறுக்கே ஓட வேண்டும், எதையாவது கடித்துத் தொலைக்க வேண்டும், தானும் "ஏய்!" என்று கத்த வேண்டும். இதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மச்சினன்தான் சமாதானம் பண்ணினான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்க்கா. பிடிக்கலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போயிடறேன்."

குட்டி வந்து இறங்கியதும் வீடு இரண்டுபட்டது. செருப்பைக் கடித்தது, திரைச்சீலையில் தொங்கியது. அது தன் தட்டில் வாய் வைத்த வயிற்றெரிச்சலில் துரையும் எழுந்து வந்து சாப்பிட்டது. வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு அது பின்பக்கமாகவே நடந்தபோது, மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத் துணி அலசிய ஈரக் கையோடு நின்ற லாண்டரிக்காரர், இனி இவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள் என்று நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். குட்டி கூடத்தில் வட்டமடித்துவிட்டு நேராகப் போய் அந்தச் சட்டையின்மேல் ஈரம் பண்ணியது. லாண்டரிக்காரருக்கு உயிரே போய்விட்டது. அவள் பார்த்தால் குட்டிக்கு இந்த வீட்டில் இனி இடமில்லை. கை தானாகவே சட்டையை எடுத்தது. ஊறவைத்து, கசக்கி, மறுபடி சோப்புப் போட்டு அலசி, இஸ்திரி போட்டே காயவைத்தார். அழுக்கு போனதும் நீலம் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி வெளியே வந்தது. ஈரத்தை மறைக்கத்தான் துவைத்தார், ஆனாலும் நெஞ்சில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. இவ்வளவு பளிச்சென்று பார்த்தால் அவளும் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்துவிட்டார், பாவம்!

துரை வந்து சட்டையை முகர்ந்தது. சுற்றிச் சுற்றி முகர்ந்தது. அதன்மேல் கால் வைக்காமல் மகனின் அறைக்குப் போனது, கட்டிலுக்கடியில் பார்த்தது, வாசல் வரை போய்த் திரும்பி வந்து மறுபடி சட்டையை முகர்ந்தது. மனைவி பையோடு உள்ளே வந்தபோது அது நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"துவைச்சீங்களா?"

"குட்டி ஈரம் பண்ணிடுச்சும்மா. நீ பாத்தா அதை அனுப்பிடுவியோன்னு..."

"அவன் வாசனை இதுல மட்டும்தாங்க இருந்துச்சு."

லாண்டரிக்காரர் அவள் கையிலிருந்து சட்டையை வாங்கி மூக்கில் வைத்து இழுத்தார். மகன் இல்லை. சோப்புகூட இல்லை. "எனக்குத் தெரியலையேம்மா," என்றார். "எனக்குத்தான் எந்த வாசனையும் வராதே. நீ அழறேன்னு நெனச்சேன். சொல்லியிருக்கக் கூடாதா?" மகனை எடுத்தபோது கூடக் கல்லாக நின்ற மனிதர், சட்டை கசங்குவதையும் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மச்சினன் வந்து நின்றான். "என்னக்கா, முடிவு பண்ணியாச்சா?"

"தூக்கிட்டுப் போயிடுப்பா," என்றார் லாண்டரிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "எங்களுக்கு இது வேணாம்."

துரை மறுபடியும் எழுந்து மகனின் அறைக்குப் போனது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் குட்டியும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. துரை கட்டிலுக்கடியில் தலையை விட்டால் குட்டியும் விட்டது. துரை வாசலுக்குப் போனால் அதுவும் போய்த் தெருவைப் பார்த்து நின்றது. மச்சினன் அதைத் தூக்கக் குனிந்தான்.

"விடுடா," என்றாள் அக்கா. "இருந்துட்டுப் போகட்டும். நாங்க மூணு பேரும் அவனைத் தேடிக்கிட்டே கிடப்போம். அவனை யாருன்னே தெரியாத ஒண்ணு இந்த வீட்டுல இருக்கட்டும்."