கூட ஓட்ட ஓர் ஆள்

புதன்கிழமை காலை பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது நான் போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமாநல்லூரில் ஒரு பேக்கரி வாசல். இரண்டு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. பக்கத்தில் டீயும் கையுமாக அனுசுயா. அவள் தோளில் கை போட்டபடி ஒரு சின்னப் பெண், இருபத்தைந்துகூட இருக்காது. நாற்பது கிலோமீட்டர், சராசரி வேகம் இருபத்தேழு என்று சைக்கிள் ஓட்டத்தைப் பதியும் ஆப் சொன்னது. கீழே அனுசுயாவே எழுதியிருந்தாள்: ‘ஒருவழியா நம்ம வேகத்துக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சு.’ முந்தின நாள் அவள் எனக்கு அனுப்பியிருந்தது வேறு. ‘நாளைக்கு வரலக்கா, கம்பெனிக்கு வெளிநாட்டு பையர் வர்றாங்க.’

அடுப்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். என் வேகம் இருபத்திரண்டு. காற்று சாதகமாக அடித்தால் இருபத்துமூன்று. அப்படியானால் ஒரு வருஷமாக அவள் என்னோடு மிதித்ததெல்லாம் போனால் போகிறது என்றுதானா? நாற்பத்தொரு வயதில், கல்லூரிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு, தோழியின் தோளில் கிடக்கும் கையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

எனக்கு அனுசுயா வெறும் தோழி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சைக்கிள் வாங்கிய அன்றே என் கணவர் திருமூர்த்தி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். “தனியாப் போறதுன்னா வேண்டாஞ்சாமி. லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான். கூட ஆளு இருந்தாப் போயிட்டு வா.” அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் இருநூறு பேர் இருந்தார்கள், அநேகமாக எல்லாரும் ஆண்கள், முப்பதுக்கு மேல் பறக்கிறவர்கள். ‘பெண்கள் யாராவது காலையில் கூட ஓட்ட வருகிறீர்களா, வேகம் இருபது’ என்று கேட்டுப் போட்டேன். பதினோரு நாள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அனுசுயா பேசினாள்.

அவளுடைய அப்பா அம்மா கோவில்பட்டியிலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவர்கள். அவள் படித்து ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆகிவிட்டாள். வாரம் மூன்று நாள், விடிந்ததும் பல்லடம் ரோட்டில் போய்த் திரும்புவோம். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறேன், அதுவும் முகத்தைப் பார்க்காமல், முதுகைப் பார்த்து. அவள் வரவில்லையென்றால் என் சைக்கிள் துணி காயப்போடத்தான் ஆகும்.

வெள்ளிக்கிழமை போன் செய்தாள். “அக்கா, எங்க டிசைன் செக்‌ஷன்ல கீர்த்தனான்னு ஒரு பொண்ணு. ஞாயித்துக்கிழமை வெள்ளகோவில் போறோம்ல, அவளையும் கூட்டிக்கட்டுமா?”

“வரட்டுமே, எனக்கென்ன கண்ணு” என்றேன். புதன்கிழமையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் படத்தில் இருந்த அதே பெண்தான். கீர்த்தனா நல்ல பெண்ணாக இருந்து தொலைத்தாள். “உங்களப் பத்தித்தானுங்க்கா அனுக்கா பேசீட்டே இருப்பாங்க” என்று சிரித்தாள். காங்கேயம் வரை அவர்கள் இருவரும் முன்னால் மாறி மாறி ஓட்டினார்கள், நான் கடைசியில் ஒப்புக்குச் சப்பாணியாகப் போனேன். கம்பெனிக் கதை, மேனேஜர் கதை, எனக்குத் தெரியாத யாரோ ஒருவனைப் பற்றிச் சிரிப்பு. மேட்டில் நான் பின்தங்கியபோதெல்லாம் இருவரும் மிதிப்பதை நிறுத்திக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. காங்கேயம் தாண்டியதும், “இப்ப நான் முன்னாடி போறேன்” என்று வேகத்தைக் கூட்டி முன்னால் வந்தேன். எனக்கு அடுத்து கீர்த்தனா, அவளுக்குப் பின்னால் அனுசுயா.

ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் முன்னால் போகிறவர் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொள்வார், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது லேசு. ஆனால் அவருக்கு ரோடு தெரியாது, முன்னால் இருப்பவரின் சக்கரம்தான் தெரியும். அதனால் குழியோ கல்லோ வந்தால் முன்னால் போகிறவர் கையைக் கீழே நீட்டிக் காட்ட வேண்டும். இதை யாரும் மறப்பதில்லை. தும்மல் வந்தால் வாயைப் பொத்துகிற மாதிரி கை தானாகப் போகும்.

இருபத்தாறில் மிதித்தேன். நெஞ்சு அடைத்தது, தொடை எரிந்தது, விடவில்லை. குழாய் பதிக்க ரோட்டைக் குறுக்கே வெட்டி, மண்ணை மட்டும் போட்டு மூடிய பள்ளம் ஒன்று தூரத்திலேயே தெரிந்தது. மண் உள்வாங்கிப் போயிருந்தது. ஓரத்தில் ஓர் ஆள் போகும் அளவுக்குத்தான் தார் மிச்சம். என் இடது கை ஹேண்டில்பாரை விட்டுக் கிளம்பப் பார்த்தது. நான்தான் பிடித்து வைத்தேன். அந்தப் பெண் கொஞ்சம் தடுமாறட்டும், அவளும் ஒரு தடவை பின்தங்கட்டும் என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் லேசாக ஓரம் ஒதுங்கிக் கடந்துவிட்டேன்.

பின்னால் இரும்பு தார் ரோட்டில் உரசும் சத்தம் கேட்டது. நிறுத்தித் திரும்பினேன். ரோட்டில் கிடந்தது அனுசுயா.

கீர்த்தனா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “உங்களுக்கு மூச்சு வாங்குது, நான் முன்னாடி போயிக்கறேன்னு இப்பத்தானுங்க அனுக்கா என்னயத் தாண்டி வந்தாங்க” என்றாள். அனுசுயாவின் இடது தோள்பட்டை இறங்கியிருந்தது, கழுத்தெலும்பு தோலுக்கடியில் துருத்திக்கொண்டு நின்றது. வலி வந்தால் அவளுக்கு அப்பா ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

“யக்கா, அழாதிய. ஒண்ணுமில்ல.” பிறகு கீர்த்தனாவிடம் சொன்னாள். “அக்கா கை காட்டியிருப்பாவ. நாந்தான் பாக்காம வந்துட்டேன்.”

தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவினேன். கீர்த்தனா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் அனுசுயாவின் கணவன் அருண்பாண்டி கார் கொண்டுவந்தான். அனுசுயாவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, சைக்கிளைச் சக்கரம் கழற்றி முன்னால் திணித்த பிறகு இன்னொருவருக்கு இடமில்லை. கார் கிளம்பும்போது அவள் தலையைத் தூக்கி, வலது கையால் கண்ணாடியை இறக்கினாள். “ரெண்டு பேரும் சேந்தே போங்க. அக்காவத் தனியா விட்றாத கீர்த்தனா.”

கார் மறைந்தது. வெயில் ஏறிவிட்டது. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். கீர்த்தனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி வந்தாள்.

“நான் முன்னாடி போறேனுங்க்கா” என்றாள். அவ்வளவுதான்.

மெதுவாகத்தான் ஓட்டினாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இடது கை மட்டும் கீழே இறங்கி, விரல் நீட்டி, மேலே போயிற்று. ஒரு குழி. கொஞ்ச தூரத்தில் மறுபடியும் இறங்கியது, ரோட்டில் கிடந்த தேங்காய் மட்டைக்கு. வேகத்தடைக்கு இறங்கியது. காங்கேயம் எல்லையில், என் கண்ணுக்கே படாத ஒரு சின்னக் கல்லுக்கும் அந்தக் கை இறங்கி, நான் அதைக் கடக்கும் வரை அப்படியே நீட்டியபடி இருந்தது.