செத்தவர் சாப்பிட வரும் கதைக்கு என்ன நிறம்?

“அப்ப நீலமா அக்கா?”

“பொறு, இன்னும் ஒட்டேல்லை.”

“செத்தவங்க வந்தா நீலம்னு சஜீத் அண்ணா சொன்னாரே.”

“அவர் இந்தப் புத்தகத்தை வாசிக்கேல்லை.”

ரொஷேல் என் விரலில் ஒட்டியிருந்த நீல ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வயது. வீடு கொட்டாஞ்சேனையில். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு டியூஷனுக்கு வருவாள். வகுப்பு முடிந்ததும், அம்மா வந்து கூட்டிப்போகும்வரை எங்கள் வாசிகசாலையில் இருப்பாள். நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். அதனால் அங்கே உதவிக்குப் போகிறேன்.

வாசிகசாலையை நடத்தும் சஜீத் அண்ணாவுக்குப் போன வாரம் ஒரு யோசனை வந்திருந்தது. சிறுவர் அலுமாரியில் உள்ள புத்தகங்களை வகை பிரித்து நிறம் ஒட்ட வேண்டும். துப்பறியும் கதைக்குச் சிவப்பு, வரலாற்றுக்குப் பச்சை, மாயக்கதைக்கு நீலம், வாழ்க்கைக் கதைக்கு மஞ்சள். ஒரு புத்தகத்துக்கு ஒரு நிறம்தான்.

சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். காலையில், இரவு முழுக்கச் சூரியன் மறையாத ஊரில் நடக்கும் ஒரு நாவலுக்கு யோசிக்காமல் நீலம் ஒட்டினேன். சஜீத் அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அது மாயமில்லை பிள்ளை, நோர்வே! உன்ர பெரியம்மா அங்கதானே இருக்கிறா?”

பெரியம்மா வீடியோ கோலில் வரும்போதெல்லாம் பின்னால் தடித்த திரைச்சீலை மூடியிருக்கும். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எந்த நிறத்தையும் நம்பிக்கையோடு ஒட்ட முடியவில்லை.

இப்போது கையில் இருந்தது எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு நாவல். அதில் இறந்துபோன அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு வருவார். அம்மா கதவைத் திறந்து, “காலைக் கழுவிவிட்டு வாருங்கள்” என்பாள். அவர் குழம்பில் உப்புக் காணாது என்பார். யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். சின்ன மகள் மட்டும் அவரோடு பேசுவதில்லை. சொல்லாமல் செத்துப்போனார் என்று கோபம்.

ரொஷேல் பாதிவரை வாசித்திருந்தாள். அந்த மகள் பேசுவாளா இல்லையா என்பது தெரியாமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் பேய், மந்திரம் உள்ள புத்தகங்களை அவளுடைய அம்மா வாசிக்க விடமாட்டார். அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் அது பாவம். இவ்வளவு நாளும் அட்டைப் படத்தைப் பார்த்துத் தீர்மானித்தவருக்கு, போன வாரம் சஜீத் அண்ணா நிறங்களைப் பற்றி விளக்கியிருந்தார். அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம்.

“நீலம் எண்டாலும் இங்கயே இருந்து வாசிச்சு முடியன்” என்றேன்.

“அம்மாவுக்குத் தெரியாம வாசிச்சா அது பொய் அக்கா.”

நான் சஜீத் அண்ணாவிடம் போனேன். அவர் லப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“செத்தவர் வந்தா நீலம்.”

“ஒருத்தரும் பயப்பிடேல்லை அண்ணா.”

“அப்ப மஞ்சளாக்கும்.”

“ஆனா அந்தச் செத்தவர் சோறு சாப்பிடுறார்.”

“அப்ப நீலம். ஏன் பிள்ளை என்ர உயிரை எடுக்கிறாய்?”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் மாமாவின் திவசத்துக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, பல்கனியில் நின்று காகத்தைக் கூப்பிடுவோம். காகம் வரப் பிந்தினால், “அண்ணைக்கு இன்னும் கோவம் போகேல்லை” என்பார் அம்மா. அதை யாரும் மாயம் என்று சொன்னதில்லை.

“எங்க ஆண்டவரும் உயிர்த்தெழுந்து வந்து மீன் சாப்பிட்டார் அக்கா” என்றாள் ரொஷேல் மெதுவாக. “அது நடந்த கதைதானே?”

இந்த நாவலை நான் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். அப்பா எழுந்து போன பிறகு அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். இது என்ன வகை என்று ஒருதரமும் யோசித்ததில்லை. ஒரு விரலில் நீலமும் மறுவிரலில் மஞ்சளுமாக இருந்தேன்.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. ரொஷேலின் அம்மா செருப்பைக் கழற்றியபடியே, “புத்தகம் எடுத்தாச்சா மகள்?” என்று கேட்டார்.

ரொஷேல் என் பக்கம் குனிந்தாள்.

“அம்மா உங்ககிட்டதான் கேப்பாங்க அக்கா. மஞ்சள்னு சொல்லுங்க. ஆனா எனக்காகச் சொல்லாதீங்க. நெசமாவே மஞ்சளா இருந்தா மட்டும் சொல்லுங்க.”