ஆர்கானும் ஆர்கானும்

புள்ளியியல் இயற்பியல் தாளில் எனக்கு நாற்பத்தேழு. தேற ஐம்பது வேண்டும். தேறாவிட்டால் இந்த வருடம் பட்டம் கிடையாது. கிட்கும் ஊர்ப் பக்கத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள் நான். தோற்றுவிட்டேன் என்று போய் நின்றால், “பொண்ணுக்கு எதுக்குன்னு அப்பவே சொன்னோமே” என்று சொல்லச் சித்தப்பாக்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள்.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். நான்காம் கேள்வி, பத்து மதிப்பெண். ஒரு பெட்டி, நடுவில் தடுப்பு, இரண்டு பக்கமும் ஆர்கான் வாயு, ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை. தடுப்பை எடுத்தால் என்ட்ரோபி எவ்வளவு கூடும்? கூடவே கூடாது என்று எழுதியிருந்தேன். இரண்டு பக்கமும் அதே வாயு. கலக்க என்ன இருக்கிறது? அதற்குச் சிவப்பு மையில் சுழி.

பழைய வினாத்தாள்களில் ஒரு பக்கம் நியான், மறுபக்கம் ஆர்கான். அப்போது கூடும். கேள்வியைப் புதிதாகக் காட்ட எங்கள் பேராசிரியர் டாக்டர் ஒச்சிட்டி நியானை அடித்துவிட்டு ஆர்கான் போட்டார். விடைக்குறிப்பைத் தொடவில்லை. பழைய தாள்களை நெட்டுருப் போட்ட வகுப்பும் பழைய விடையையே எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டது.

அவர் அறைக்குப் போனேன். தாளை இரண்டு முறை படித்தார்.

“நீ எழுதுனதுதான் சரி, லாம்வாக்கா.”

“அப்போ மார்க்கைப் போடுங்க டாக்டர்.”

“விடைக்குறிப்பு மாறினா எல்லார் தாளையும் திருத்தணும். அதான் விதி. ஒம்பது பேரு விழுந்துடுவாங்க. நீ ஒருத்தி மறுதேர்வு எழுதிட்டா யாருக்கும் சேதமில்ல.”

“உங்க தப்புக்கு நான் ஒரு வருஷம் உக்காரணுமா?”

“வாய் நீளுது.”

“நீளட்டும். டீனுக்கு எழுதப்போறேன்.”

என் அறைத்தோழி அடோங்குக்கு ஐம்பத்திரண்டு. போஷோக் களியைப் பிட்டு பீன்ஸில் தொட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஒம்பது பேருல நானும் ஒருத்தின்னு தெரியுமாடி?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எழுதுவே?”

“ஒச்சிட்டிகிட்டப் போய்ச் சண்டை போடு. எங்கிட்ட ஏன் கேக்கற?”

“அந்த ஆளுக்கு பீன்ஸுல கல்லு எதுன்னுகூடத் தெரியாது. அவரை என்ன கேக்கறது? உன்னைத்தான் கேக்க முடியும்.”

எழுதினேன். மூன்றாம் வாரம் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். எனக்கு ஐம்பத்தேழு. அடோங்குக்கு நாற்பத்திரண்டு. ஒச்சிட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பருவத்துக்கும் அவர்தான்.

அடோங் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டினாள்.

“கடிதாசி எழுதினதுக்குக் கோவமில்ல. நான் நெட்டுருப் போட்டப்போ பக்கத்துலதானே இருந்தே? ஒரே வாயுன்னா பூஜ்யம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

நூலகப் புத்தகத்தில் அதைப் படித்திருந்தேன். அவள் சத்தம் போட்டுப் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் தாளில் எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அதையும் பங்கு போட மனம் வரவில்லை.

மெத்தை கதவில் சிக்கியது. எழுந்து போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

“விடு,” என்றாள்.

விட்டேன்.