கொலம்போ க்ரஷரின் ஒரே வெற்றி

கேரன் தொலைபேசியில் அழைத்தபோது ஸ்ரீதரன் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள தன் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். தன் செத்துப்போன அப்பா பிராடி நடத்திய 'வாண்டில் ரெஸ்லிங்' மல்யுத்தக் கம்பனியின் நினைவாக ஒரு நிகழ்ச்சி வைக்கப்போகிறாளாம். குரோய்டனில் அதே பழைய மண்டபம். இளம் பிள்ளைகள் மோதுவார்கள், கடைசியில் பழைய ஆட்கள் இரண்டு பேர் ரிங்கில் ஏற வேண்டும். ஒருவர் ரொனி. மற்றவர், வேறு யார், கொலம்போ க்ரஷர்.

தன் பழைய ரிங் பெயர் காதில் விழுந்ததும் ஸ்ரீதரன் கடைக்குள் தெரிந்த முகம் ஏதாவது நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். இத்தனைக்கும் அவருக்கும் கொழும்புக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஊர் சாவகச்சேரி. கொழும்பில் அவர் கண்டது ஒரு லொட்ஜும் விமான நிலையமும்தான். தொண்ணூறுகளில், அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்த நாளில், அந்த மண்டபத்தில் கதிரை அடுக்கப் போனவர் அவர். ஒரு சனிக்கிழமை வில்லனாக வரவேண்டியவன் வரவில்லை. முதலாளி பிராடி இவருடைய தோளையும் மீசையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'சிலோன் டைகர்' என்று பெயர் வைப்போம் என்றார். கேஸ் முடியாத யாழ்ப்பாணத்தான் எவனாவது புலி என்று பெயர் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரர் முன்னால் போய் நிற்பானா? ஸ்ரீதரன் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படித்தான் கொழும்பு வந்து ஒட்டிக்கொண்டது.

வேலை பெரிய வித்தை இல்லை. சனத்தைப் பார்த்து முறைக்க வேண்டும், ரொனியின் கண்ணில் விரலை விட வேண்டும், கடைசியில் தோற்க வேண்டும். யார் வெல்வது என்பது உடைமாற்றும் அறையில் தேநீர் குடிக்கும்போதே முடிவாகிவிடும். அதை வெளியில் மூச்சுவிட்டால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்பது பிராடியின் சட்டம். ஸ்ரீதரன் மூச்சுவிடவில்லை. அழகாகத் தோற்றார். அவரைப் போல விழ ஆளில்லை என்று பிராடியே சொல்லுவார். தோல்விதான் போலியே தவிர, பலகையில் விழுகிற முதுகு சொந்த முதுகு. கன்றிப்போய்த்தான் வீடு திரும்புவார்.

வீடு என்றால் கோலியர்ஸ் வுட்டில் அருள்நாயகி அக்காவின் வீடு. உடன்பிறந்த அக்கா இல்லை. விசா இல்லாமல், போக இடமில்லாமல் நின்றவரைக் கூட்டிவந்து சின்ன அறையைக் கொடுத்தவள். அவர் முதுகுக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தவளும் அவள்தான். ஒரேயொரு முறை மண்டபத்துக்கு வந்தாள். ரொனி இவரைத் தலைக்கு மேலே தூக்கியதும் கண்ணை மூடியவள், கடைசி மணி அடிக்கும்வரை திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாமிப்படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள்.

"முருகா, என்ர தம்பி ஒருக்கா வெல்ல வேணும். அவன் வெல்லும் மட்டும் நான் மச்சம் வாயில வைக்கமாட்டன்."

ஸ்ரீதரனுக்குச் சிரிப்பு வந்தது. கரையூர் மீன்சந்தையை லண்டனுக்குக் கொண்டுவந்தவள் போல மீனும் நண்டுமாகச் சமைக்கிறவள் அக்கா. மிஞ்சிப்போனால் ஒரு கிழமை தாங்குவாள் என்று நினைத்தார். அங்கேதான் அவர் கணக்குப் பிழைத்தது. அக்கா நேர்த்திக்கடன் வைத்தால் வைத்ததுதான். மற்றவர்களுக்கு மீன் வெட்டுவாள், குழம்பு கூட்டுவாள், உப்புப் பார்க்கச் சொல்லி ஸ்ரீதரனிடம் அகப்பையை நீட்டுவாள். தன் கோப்பையில் பருப்பை ஊற்றிக்கொள்வாள்.

வெல்ல வாய்ப்பே வரவில்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வந்தது. பிராடி ஒருமுறை, "இந்தச் சனிக்கிழமை நீ வெல்லு, பெல்ட்டையும் வாங்கு" என்றார். வென்றவன் படம் உள்ளூர்ப் பேப்பரில் வரும். வேலை செய்ய அனுமதியில்லாதவன் பேப்பரில் பெல்ட்டோடு நின்று சிரித்தால் கேஸ் என்னாவது? ஸ்ரீதரன் வேண்டாம் என்றார். அது நியாயமான சாட்டு. பிறகு விசா கிடைத்தது, சாட்டும் போயிற்று. அப்போதும் அவர் வெற்றி கேட்கவில்லை. தோற்பதில் கிடைத்த பெயர் அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அக்காவின் பருப்பை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். பிறகு கம்பனியும் மூடப்பட்டது. இனி வெல்ல ஒரு மேடையே இல்லை. அக்கா மச்சம் தொடவும் இல்லை.

மோதலே நாடகம் என்ற உண்மையை அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனார். சொல்லப் போகும்போதெல்லாம் போன வருசமே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும், வெட்கத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருசம் அது இன்னும் ஒரு வருசம் கூடிய வெட்கமாக நிற்கும். கலியாணம் முடித்து ரெய்னர்ஸ் லேனுக்குப் போனபிறகு அக்கா வீட்டுக்குச் சாப்பாட்டு நேரம் பார்த்துப் போகாமல் தவிர்த்தார். அதுவும் அவருக்கே கேவலமாக இருந்தது.

ஆகவே கேரன் அழைத்தபோது ஸ்ரீதரன் மனதில் முதலில் வந்தது ரொனியும் இல்லை, பழைய கைதட்டலும் இல்லை. அக்காவை முன்வரிசையில் இருத்தி, அவள் கண் முன்னாலேயே வென்றுவிட்டால் நேர்த்தி கழிந்துவிடும். அவள் ஒரு துண்டு மீன் சாப்பிடுவாள். தான் வாயைத் திறக்கவே தேவையில்லை. இப்படி ஒரு யோசனை வந்ததற்கே ஒருவன் வெட்கப்பட வேண்டும். ஸ்ரீதரன் வெட்கப்பட்டார், பட்டுக்கொண்டே டிக்கெட் எடுத்து அக்காவுக்குக் கொடுத்தார்.

நிகழ்ச்சியன்று உடைமாற்றும் அறையில் ரொனி முழங்காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தான். எழுபது வயது. முடிவு வழக்கமானதுதான் என்று கேரன் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ரொனி வெல்வான். அவன் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் பெயர் எழுதிய அட்டைகளோடு வெளியே காத்திருந்தார்கள்.

"இன்று நான் வெல்ல வேண்டும்" என்றார் ஸ்ரீதரன்.

ரொனி நிமிர்ந்து பார்த்தான். காரணம் கேட்பான் என்று ஸ்ரீதரன் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். அவன் கேட்கவில்லை.

"இத்தனை வருசம் எனக்காக விழுந்தாய். ஒருநாள் நான் விழுந்தால் என்ன" என்றான். பிறகு, "மெதுவாகப் போடு, இடுப்பெலும்பு புதுசு" என்று சிரித்தான்.

ஸ்ரீதரன் தயாராக வைத்திருந்த பொய்க்கு வேலையில்லாமல் போயிற்று. ரொனியின் முகத்தைப் பார்க்க முடியாமல் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார்.

ரிங்குக்குள் எல்லாம் பழையபடி நடந்தது, என்ன, எல்லாம் பாதி வேகத்தில். சனம் கொலம்போ க்ரஷரைப் பார்த்து ஆசையோடு ஏசிக் கூவியது. அவர் முறைத்தார், கண்ணில் விரலை விட்டார். கடைசியில் ரொனி அவரைத் தூக்க வேண்டிய இடத்தில் இவர் ரொனியின் தோளைப் பிடித்துத் தள்ள, ரொனி மல்லாந்து விழுந்தான். நடுவர் பலகையில் தட்டி முடித்தார். மண்டபம் ஒரு கணம் அடங்கியது. பிறகு எழுந்த கூச்சல் விளையாட்டுக் கூச்சல் இல்லை. பழைய ரசிகர்களுக்கு உண்மையாகவே கோபம். ரொனியின் பேரப்பிள்ளை ஒன்று அழுதது. நடுவர் ஸ்ரீதரனின் கையை உயர்த்தியபோது அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். இந்த முறை அவள் கண்ணை மூடவில்லை. கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் தொலைபேசியில் அவள் குரல் கேட்டது. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வா தம்பி. நண்டு வாங்கி வச்சிருக்கிறன்."

அந்தச் சொல்லைக் கேட்டு ஸ்ரீதரன் கடைக்குள்ளேயே கண்ணைத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை கோலியர்ஸ் வுட் வாசலிலேயே மிளகுத்தூளும் முருங்கையிலையும் போட்ட நண்டுக் குழம்பு மணத்தது. அக்கா அவரை மேசையில் இருத்தி, பெரிய நண்டாகப் பார்த்து அவர் கோப்பையில் வைத்தாள். பிறகு தன் கோப்பையில் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றினாள்.

"அக்கா, நீங்கள் நண்டு எடுக்கேல்லையே?"

"எப்பிடி எடுக்கிறது?"

"நான் வெண்டிட்டன் தானே. நீங்கள் பாத்தனீங்கள் தானே."

"பாத்தனான். வடிவாப் பாத்தனான்." அக்கா சோற்றைப் பிசைந்தாள். "தம்பி, அந்த மனுசன் தானா விழுந்தவன். நீ கை வைக்க முன்னமே பின்னால திரும்பி இடம் பாத்தவன். வயசு போட்டுது, காலும் ஏலாது. இவன் பாவம், ஒருக்காலும் வெல்லேல்லை எண்டு உனக்கு இரக்கப்பட்டு விட்டுத்தந்தவன். நல்ல மனுசன். ஆனா அதை வெற்றி எண்டு முருகனிட்டச் சொல்ல எனக்கு வாய் வராது."

ஸ்ரீதரன் கையிலிருந்த நண்டுக் காலைக் கீழே வைத்தார். இப்போது சொல்லலாம். இதைவிட நல்ல இடம் இனி வாய்க்காது. எல்லாமே அப்படித்தான் அக்கா, ரொனி மட்டுமில்லை, நானும் அப்படித்தான் விழுந்தேன் என்று ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தார்.

"நீ யோசிக்காத" என்றாள் அக்கா, அவருக்கு மனம் நொந்துவிட்டது என்று நினைத்து. "இதென்ன புதுசே? ஊரில சண்டை முடிஞ்சு பாதை திறந்த உடன நான் ஊருக்குப் போனன் எல்லோ, அம்மாவைப் பாக்க. படுக்கையில கிடந்தவ. மகள் வந்திட்டாள் எண்டு எழும்பி, அடுப்படியில கதிரை போட்டு இருந்து, தன்ர கையால கூழ் காச்சினவ. இறால், நண்டு, மீன் தலை எல்லாம் போட்டு. கோப்பையில வார்த்து என்ர கையில தந்தவ."

"குடிச்சனீங்களோ?" அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வந்ததா என்று ஸ்ரீதரனுக்கே தெரியவில்லை.

"எப்பிடிக் குடிக்கிறது? லண்டனில ஒரு தம்பிக்கு நேர்த்தி வச்சிருக்கிறன் அம்மா, அவன் இன்னும் வெல்லேல்லை எண்டனான். மனுசி கோப்பையை வாங்கி மூடி வச்சிட்டா. அடுத்த கிழமை செத்துப் போனா." அக்கா தன் பருப்புச் சோற்றைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்தக் கூழையே வேண்டாம் எண்டவள், உந்த வெள்ளைக்காரன் இரக்கத்தில விழுந்ததுக்கோ நேர்த்தியை முடிப்பன்?"

சொல்ல வேண்டிய வார்த்தை ஸ்ரீதரனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் அந்தக் கூழ் என்னவாகும் என்பதும் தெரியும். இத்தனை நாளும் தன் மானத்துக்காக மூடியிருந்த வாயை, இனி அவளுக்காக என்று சொல்லி மூடிக்கொள்ளலாம். அந்த வசதி கிடைத்ததில் மனதின் ஒரு மூலை ஆறுதல்பட்டது. அதுதான் எல்லாவற்றிலும் கேவலமாக இருந்தது.

"சாப்பிடு, ஆறப்போகுது." அக்கா இன்னொரு நண்டை எடுத்து, அவர் வேண்டாம் என்று கையால் மறைக்க மறைக்க, விரலை விலக்கிவிட்டு வைத்தாள். "அந்தப் பிள்ளை கேரன் வாற வருசமும் வைப்பாளோ?"

"வைப்பாள் போல."

"அப்ப ஒழுங்காப் பழகு. உடம்பைப் பார். வாற வருசம் உண்மையா வெல்லு."

ஸ்ரீதரன் தலையைக் குனிந்து நண்டின் ஓட்டை உடைத்தார்.

"ஓம் அக்கா" என்றார்.